சிவரஞ்சனி பேருக்கு விட்ட கிடா

கச்சிராயபாளையம்
ஜனவரி 22, 2025

சிவரஞ்சனி,

'அன்புள்ள' என்று எழுத மனசு வரவில்லை, விட்டுவிட்டேன்.

இத்தனை நாள் பேசாமல் இருந்தவள் இப்போது ஏன் எழுதுகிறாள் என்று நினைப்பாய். பாதி ஆபீஸ் விஷயம், பாதி வயிற்றெரிச்சல். எரிச்சலை முதலில் கொட்டிவிடுகிறேன்.

கால்நடைக் கல்லூரி விடுதியில் ஒரே அறை. ஒரே பரீட்சை. தேசிய உயிர்க்காவல் முகமைக்கு நேர்முகத் தேர்வுக்கும் ஒரே ரயிலில் போனோம். கிருமியை ஆயுதமாக்கி நாட்டுக்குள் விடுகிறவர்களைப் பிடிக்கும் படை, உள்ளே நுழைந்துவிட்டால் போதும் என்று வழியெல்லாம் பேசிக்கொண்டு போனோமே. உன்னை எடுத்தார்கள், என்னை எடுக்கவில்லை. அதையாவது ஒரு மாதிரி ஜீரணித்துக்கொள்வேன். நீ அதை என்னிடம் சொல்லவில்லை பார், அதுதான் இன்னும் நெஞ்சில் நிற்கிறது. வெள்ளிமலை பஸ்ஸில் உங்கம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

"எம்பொண்ணுக்கு டில்லிக்காரங்க வேலை கெடச்சிருக்குது டாக்டரம்மா. இன்னா, ஒங்ககிட்ட சொல்லலியா?" என்று பஸ் முழுக்கக் கேட்கிற மாதிரி கேட்டாங்க. சொன்னாளே என்று பொய் சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

இனி ஆபீஸ் விஷயம். பொங்கலுக்கு முன்பிருந்தே உங்கள் மலையில் சினை ஆடுகள் மாசம் நிறையும் முன்பே குட்டியை வீசுகின்றன. உங்கள் ஊர் நெல்லிவளவிலும் அதைச் சுற்றி மூன்று வளவுக் கிராமங்களிலும். வீசிய குட்டியை எடுத்துப் போட்டவர்களுக்குக் காய்ச்சல், மூட்டுவலி. காய்ச்சல் போகிறது, திரும்ப வருகிறது. எனக்குச் சந்தேகம் வந்து ரத்தம் எடுத்து அனுப்பினேன். அதைப் பார்த்த பெரிய ஆபீஸ், நேரே உன் முகமைக்கு அனுப்பிவிட்டது. இந்த மாவட்டத்தில் முதலில் கண்டுபிடித்தவள் நான். நாலு வளவிலும் ஓர் ஆடு விடாமல் நானே போய் ரத்தம் எடுத்தேன். பஸ் போகிற இடத்துக்குப் பஸ், மற்றதெல்லாம் நடை.

உங்கள் வீட்டில்தான் சாப்பிட்டேன். உனக்கு வேலை கிடைத்தால் எல்லைக்காளிக்கு வெட்டுவதாக உங்கம்மா நேர்ந்துவிட்ட கிடா, கழுத்தில் மஞ்சள் துணியோடு இன்னும் மலையெல்லாம் திரிந்துகொண்டிருக்கிறது. நீ வந்து பக்கத்தில் நிற்காமல் வெட்டக்கூடாதாமே. யார் கொல்லையில் மேய்ந்தாலும் விரட்டமாட்டேன் என்கிறார்கள். என் சாப்பாட்டுப் பையையும் இழுத்துத் தின்றது. எனக்கு வேலை கிடைத்தபோது எங்கப்பா "ஆட்டு டாக்டரா?" என்று கேட்டுவிட்டுக் கரும்பு வெட்டு பார்க்கப் போய்விட்டார். உனக்கு மட்டும் சாமிக்கே ஒரு கிடா.

ஒரு நாள் உன் முகமையையே என் வாசலுக்கு வரவைக்கிறேனா இல்லையா, பார்.

தேவிப்ரியா

உள்கட்டடம்
பிப்ரவரி 3, 2025

தேவி,

கிருமிகளை அடைத்து வைத்திருக்கும் இந்தக் கட்டடத்துக்குள் போன் கிடையாது. நான் தொட்ட காகிதமும் வெளியே போகாது. எழுதியதைக் கண்ணாடியில் ஒட்டி வைப்பேன். மறுபக்கத்திலிருந்து ஜெயப்பிரகாஷ் சார் படம் எடுத்து, அச்செடுத்து அனுப்புவார். உள்ளே வருவதையும் அவர் படித்த பிறகுதான் தருவார். இங்கே தமிழ் தெரிந்த அதிகாரி அவர் ஒருவர்தான். உன் கடைசி வரிக்குக் கீழே சிவப்பில் கோடு போட்டிருந்தார். அப்படியெல்லாம் எழுதாதே.

வேலை விஷயத்தை யாரிடமும் சொல்லக்கூடாது என்று கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். அம்மாவிடம் மட்டும் சொன்னேன். அது உன்னிடம் சொல்லாமல் இருக்காது என்றும் தெரியும். அப்படியாவது உனக்குத் தெரியட்டும் என்றிருந்தேன். பஸ்ஸில் வைத்துச் சொல்லும் என்று நினைக்கவில்லை.

எங்கள் வீட்டில் சாப்பிட்டேன் என்று ஒரே வரியில் எழுதிவிட்டாய். அம்மா என்ன ஆக்கிப்போட்டது? எங்கே உட்கார்ந்து சாப்பிட்டாய்? அம்மா உன்கூடவே சாப்பிட்டதா, இல்லை என்னிடம் சொல்கிற மாதிரி பிறகு சாப்பிடுகிறேன் என்றதா? இரண்டு வருஷமாகப் பொட்டலத்தில் வருவதைச் சாப்பிடுகிறேன். உனக்கு என் வேலை மேல் கண். என் கண் எங்கே இருக்கிறது என்று உனக்குத் தெரியவில்லை.

நீ அனுப்பியதில் இருப்பது புரூசெல்லா. ஆட்டுக்குக் கருவைக் கலைக்கும், மனுஷரை மாதக் கணக்கில் காய்ச்சலில் போட்டு வாட்டும். இதை ஆயுதமாக்கிப் பார்த்த நாடுகள் உண்டு என்பதால் இங்கே யாரும் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை. நாலு வளவுக்கும் நடுவே ரோடு இல்லை, சந்தை இல்லை. ஒரு வளவு மந்தை இன்னொரு வளவுக்கு மேய்ச்சலுக்குப் போவதில்லை. ரத்தத்தோடு நீ அனுப்பிய பட்டியலைப் பார்த்தால் பெட்டைகளுக்குத்தான் நோய். கிடாக்களில் ஒன்றுக்குக்கூட இல்லை. பிறகு எப்படி நாலு இடத்திலும் ஒரே சமயத்தில் வந்தது? யாரோ ஓர் ஆள் கொண்டுபோய் வைத்திருக்கிறான் என்றுதான் இங்கே பேச்சு.

சோதிக்காமல் ஏதாவது ஆட்டை விட்டிருக்கிறாயா? யோசித்து எழுது.

சிவரஞ்சனி

கச்சிராயபாளையம்
பிப்ரவரி 14, 2025

முகமை டாக்டர் அவர்களுக்கு,

விட்டிருக்கிறாயா என்று என்னைக் கேட்கிறாய். வகுப்பில் என் குறிப்பைப் பார்த்து எழுதியவள் நீ, ஞாபகம் இருக்கட்டும்.

ஒன்றையும் விடவில்லை. 'முழுவதும் சோதிக்கப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத்தான் அனுப்பியிருக்கிறேன். அந்தக் கையெழுத்தை நம்பித்தான் அடுத்த தேர்வுக்கு விண்ணப்பமும் போடப்போகிறேன். இந்த முறை என்னைக் கழித்துக்கட்ட அவர்களுக்குக் காரணம் கிடைக்கக்கூடாது. நீ உள்ளே உட்கார்ந்துகொண்டு என் வேலையில் ஓட்டை தேடாதே. ஜெயப்பிரகாஷ் சார், இந்த வரிக்கும் கோடு போட்டுக்கொள்ளுங்கள்.

நீ கேட்ட சாப்பாட்டு விவரம்: சாமைச் சோறு, மொச்சைக் குழம்பு. அடுப்புக்குப் பக்கத்தில் பலகை போட்டு உட்காரவைத்தாங்க. உங்கம்மாவும் என்கூடவே சாப்பிட்டாங்க. போன வாரம் போனபோது குட்டி வீசிக்கொண்டிருந்த பெட்டை ஒன்று உதைத்து என் உடுப்பெல்லாம் பாழாகிவிட்டது. உங்கம்மா வெறுங்கையோடு ஓடிவந்து அதைப் பிடித்தாங்க. நான் கத்தினேன், கையைச் சோப்புப் போட்டுக் கழுவவைத்தேன். அதற்கப்புறம் பெட்டியைத் திறந்து உன் பச்சைப் புடவையை எடுத்துக் கொடுத்தாங்க.

"கட்டிக்கம்மா. அவ எப்ப வர்றது, எப்ப கட்றது? பொட்டில கெடந்து இன்னா ஆவப்போவுது" என்றாங்க.

எனக்கு நன்றாகத்தான் இருந்தது. எரிகிறதா? எனக்கும் இப்படித்தான் எரிந்தது.

தேவிப்ரியா

கள்ளக்குறிச்சி
மார்ச் 5, 2025

ரஞ்சனி,

வந்துவிட்டார்கள். வாய்க்கொழுப்பெடுத்து நான் கூப்பிட்ட மாதிரியே வாசலுக்கே வந்தார்கள்.

மருந்தகத்தில் ஒரு கன்றுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தேன். மூன்று ஜீப். ஜெயப்பிரகாஷ் சாரே நேரில் வந்திருந்தார். என் போனையும் குளிர்பெட்டியையும் எடுத்துக்கொண்டார்கள். கச்சிராயபாளையம் கடைத்தெரு மொத்தமும் நின்று பார்த்தது. இப்போது இங்கே ஓர் அரசு விடுதியில் அறைக்குள் வைத்திருக்கிறார்கள். வாசலில் காவல். காகிதம் கேட்டேன், உனக்கு எழுத என்றதும் உடனே கொடுத்தார்கள். அதிலேயே எனக்குப் புரிந்துவிட்டது, நான் எழுதுகிறதெல்லாம் அவர்களுக்கு வேண்டும்.

ஜெயப்பிரகாஷ் சார் குரலை உயர்த்தவே மாட்டார், தெரியுமில்லையா?

"நாலு வளவுக்கும் போன வெளியாள் யாருங்க?"

"நான்தான் சார்."

"எல்லா ஆட்டையும் பாத்தாச்சு, வெளியிலேர்ந்து ஆடு எதுவும் வரலைன்னு எழுதினது?"

"நான்தான்."

"முகமையை வாசலுக்கு வரவைக்கிறேன்னு சவால் விட்டது?"

"அதுவும் நான்தான் சார். ஆனா அது வேற. அது எங்க ரெண்டு பேருக்குள்ள இருக்கிற பொறாமை."

"பொறாமைல மனுஷன் என்னென்னமோ பண்ணியிருக்காங்க, டாக்டர்" என்றார்.

வேலையிலிருந்து நிறுத்தியாகிவிட்டது. வேறு வழியாகக் கிருமி பரவியது என்று நிரூபணமாகாவிட்டால் அடுத்தது வழக்கு, ஜாமீன் கிடைக்காத வழக்கு. நைனார்பாளையத்திலிருந்து எங்கப்பா வந்து கேட்டுக்கு வெளியே நின்றார். ஊரில் நாலு பேரைக் கைகட்டி நிற்கவைக்கிற எங்கப்பா ராஜாங்கம், கான்ஸ்டபிளிடம் கைகட்டி நின்றுகொண்டிருந்தார். "எம்பொண்ணு ஆட்டுக்கு ஊசி போட்ற டாக்டருங்க. அதுக்கு வேற ஒண்ணும் தெரியாதுங்க" என்றார். ஜன்னலில் கேட்டுக்கொண்டிருந்தேன். அழுகையாக வந்தது.

உங்கம்மாவும் வந்தாங்க. பஸ் பிடித்து, ஒரு தூக்கு நிறைய களியோடு. காய்ச்சல் அடிக்கிறது ரஞ்சனி, அவங்களுக்கும் வந்துவிட்டது. முட்டியைப் பிடித்துக்கொண்டே நடந்தாங்க. யாரும்மா நீ என்று காவலில் கேட்டதற்கு, "உள்ள இருக்கறது எங்க வூட்டுப் பொண்ணு" என்றாங்க. இதை உன்னைக் குத்துவதற்காக எழுதவில்லை. நம்பினால் நம்பு.

எனக்குப் பயமாக இருக்கிறது. நான் எங்கே தப்புவிட்டேன் என்று தலையை உடைத்துக்கொண்டு பார்க்கிறேன், பிடிபடவில்லை. அந்த மலையில் பிறந்தவள் நீ. உனக்கு ஏதாவது தெரிந்தால் அவர்களிடம் சொல்லு.

தேவி

உள்கட்டடம்
மார்ச் 9, 2025

தேவி,

இதை உனக்கு முன்னால் ஜெயப்பிரகாஷ் சார் படிப்பார். படிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

சார், நெல்லிவளவு வெள்ளச்சி, அதாவது என் அம்மா, எல்லைக்காளிக்கு நேர்ந்துவிட்ட கிடா ஒன்று இருக்கிறது. அதைப் பிடித்துச் சோதியுங்கள். நேர்ந்துவிட்ட கிடாவைக் கட்டிவைக்க மாட்டார்கள், காயடிக்க மாட்டார்கள். அது எந்த வளவுக்கு வேண்டுமானாலும் போகும், எந்தப் பெட்டையோடும் சேரும். ரோடு இல்லாத நாலு வளவுக்கும் அது போய் வரும். டாக்டர் தேவிப்ரியா அதன் ரத்தத்தை எடுத்திருக்க மாட்டாள். சாமிக்கு விட்டதன் மேல் ஊசி படக்கூடாது, அதன் ரத்தம் கோயிலில்தான் விழவேண்டும். எங்கள் சனம் அதை ஆட்டுக் கணக்கில் சேர்ப்பதில்லை. சமவெளியில் பிறந்தவளானாலும் அவளும் சேர்க்கவில்லை. அது அவள் கண்ணுக்கு ஆடாகவே படவில்லை. அவள் பொய் எழுதவில்லை.

தேவி, இது எனக்கு எப்போது தெரியும் என்று கேட்பாய். உன் முதல் கடிதத்திலேயே தெரியும். மஞ்சள் துணியோடு திரிகிறது என்று நீ எழுதியதையும் சுவரில் இருந்த வரைபடத்தையும் சேர்த்துப் பார்த்த உடனே தெரிந்துவிட்டது. தெரிந்துகொண்டேதான் ஏதாவது ஆட்டை விட்டிருக்கிறாயா என்று கேட்டேன். நீயே அந்தக் கிடாவை ஞாபகப்படுத்திக்கொண்டு எழுதியிருந்தால் கவனக்குறைவு உன் தலையில் விழும், என் வீட்டு ஆடு என்ற பேச்சு பெரிதாக எழாது என்று கணக்குப் போட்டேன். இரண்டு வருஷம் நான் லீவு எடுத்து வராததால்தான் அந்தக் கிடா வெட்டப்படாமல் திரிந்தது. அதுவும் யார் காதுக்கும் போகாமல் இருக்கும்.

பிறகு உன் இரண்டாவது கடிதம் வந்தது. பச்சைப் புடவை. என் முதல் சம்பளத்தில் எடுத்து ஊருக்கு அனுப்பினேன், ஒரு தரம்கூட உடுத்தவில்லை. அடுப்புப் பக்கத்துப் பலகையில் நீ. என் அம்மா உன்கூடவே சாப்பிடுகிறது. அதைப் படித்த அன்று, போகட்டும், இவள் கொஞ்சம் படட்டும் என்று நினைத்தேன். அப்படித்தான் நினைத்தேன். இந்த அளவுக்குப் போகும் என்று தெரியாது என்று சொன்னால் அதுவும் பொய். இங்கே இருக்கிறவள் நான், எந்த அளவுக்குப் போகும் என்று எனக்குத் தெரியாதா?

அம்மாவுக்குக் காய்ச்சல் என்று நீ எழுதிய வரியைப் படித்ததும்தான் இந்தக் காகிதத்தை எடுத்தேன். நான் முதலிலேயே சொல்லியிருந்தால் அம்மா அந்தப் பெட்டையைத் தொட்டிருக்காது.

தெரிந்ததை மறைத்தவரை இங்கே வைத்துக்கொள்ள மாட்டார்கள். அது சரிதான். போவதற்கு முன்னால் ஒன்று கேட்டிருக்கிறேன். வேறு யார் போனாலும் அம்மா அந்தக் கிடாவைத் தொட விடாது, மலையே திரண்டு நிற்கும். நான் வந்து கேட்கிறேன்.

சிவரஞ்சனி

உள்கட்டடம்
ஏப்ரல் 21, 2025

ரஞ்சனி,

எங்கிருந்து எழுதுகிறேன் என்று மேலேயே பார்த்திருப்பாய்.

கிடாவைப் பிடித்த அன்றைக்கு ரத்தம் எடுக்க என்னையும் மலைக்குக் கூட்டிவந்தார்கள். நீ கிடாவின் கொம்பைப் பிடித்துக்கொண்டாய், நான் கழுத்தில் ஊசி வைத்தேன். என் முகத்தை நீ நிமிர்ந்து பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அடித்திருப்பேன். உங்கம்மா கம்பளியைப் போர்த்திக்கொண்டு கோயில் கல்லில் உட்கார்ந்து, "சாமிக்கு நான் இன்னாடி பதில் சொல்லுவேன்?" என்று உன்னைக் கேட்டாங்க. "உம்பொண்ணுதான் காரணம்னு சொல்லு" என்றாய் நீ. சோதனையில் நோய் இருப்பது உறுதியானதும் கிடாவுக்கு மருந்து ஏற்றி, ஆழக் குழி வெட்டி, சுண்ணாம்பு கொட்டி மூடினோம். வெட்டாமல் போன வேண்டுதலுக்காக ஊரே முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றது.

நீ வண்டி ஏறாமல் அம்மாகூட நின்றுவிட்டாய். ஜெயப்பிரகாஷ் சார் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். நோயை முதலில் கண்டுபிடித்தது நான்தான் என்பதில் அவர்களுக்குச் சந்தேகமில்லையாம். 'முழுவதும்' என்று எழுதியதற்கு ஒரு மெமோ, அதோடு முடிந்தது. ஓர் இடம் காலியாக இருக்கிறது, பயிற்சிக்கு வருகிறீர்களா என்று கேட்டார்.

அது யார் இடம் என்று எனக்குத் தெரியும். யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்லியிருக்கவேண்டும். உன்னைக் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்றாவது சொல்லியிருக்கலாம். அவர் கேட்டு முடிப்பதற்குள் சரி என்றுவிட்டேன். சந்தோஷத்தில் காது அடைத்துக்கொண்டது. நீ என்னைச் சிக்கவைத்ததற்குப் பதிலுக்குப் பதில் என்று நினைத்துக்கொள்ளாதே. நீ எனக்கு ஒரு கெடுதலும் செய்யாமல் இருந்திருந்தாலும் சரி என்றுதான் சொல்லியிருப்பேன். அதுதான் என்னைத் தூங்கவிடவில்லை.

உன் அறையைத்தான் கொடுத்திருக்கிறார்கள். இதற்கு ஜன்னலே இல்லை என்று நீ ஒரு கடிதத்திலும் எழுதவில்லையே. பொட்டலச் சாப்பாடு வாயில் வைக்க முடியவில்லை. நான் பட்ட பொறாமையில் பாதிக்கு மேல் வீண். ஆனாலும் இடத்தைத் திருப்பித் தரமாட்டேன்.

உங்கம்மா மாத்திரையை நிறுத்தாமல் பார்த்துக்கொள். ஆறு வாரமும் விடாமல் போடவேண்டும். வெல்லத்தோடு கொடுத்தால் முழுங்கிவிடுவாங்க. என்னைக் கேட்டாங்களா?

தேவி

நெல்லிவளவு
மே 6, 2025

தேவி,

உன் கடிதத்தை நேற்று வெள்ளிமலைக்குப் போய் வாங்கிவந்தேன். படித்துவிட்டுக் கிழித்துப் போடலாம் என்று பார்த்தேன். அம்மா பார்த்துக்கொண்டிருந்ததால் மடித்து வைத்துக்கொண்டேன்.

நீ அங்கே இருப்பதை நினைத்தால் வயிறு எரிகிறது. மறைக்க ஒன்றுமில்லை. ஆய்வு அறைக்குப் போகிற நாலாம் கதவைத் திறக்கும்போது உஸ்ஸென்று காற்று உள்ளே இழுக்கும், கேட்டிருப்பாய். அந்தச் சத்தம் கேட்டால் எனக்கு மார்பு நிமிரும். என்னைப் போல ஒருத்தி இங்கே நிற்கிறாள் என்று ஒவ்வொரு தடவையும் நினைப்பேன். இனிமேல் அது உனக்குத்தான். எனக்கு இன்னும் வேலை இல்லை. உங்கள் துறை ஆட்கள் மறுபடி ரத்தம் எடுக்க வந்தால் கூடப் போய் ஆடு பிடித்துக் கொடுக்கிறேன். ஊரில் என்னைப் பார்த்தால் பேச்சை நிறுத்திக்கொள்கிறார்கள். கிடாவைக் குழியில் தள்ளியவள் நான்தானே.

நோய் இருந்த பெட்டைகளையெல்லாம் பிரித்தாகிவிட்டது. ஒரு மாதமாகப் புதிதாக எதுவும் குட்டி வீசவில்லை.

அம்மா உன்னைக் கேட்காத வேளை இல்லை. மாத்திரையை நான் கொடுத்தால், "தேவி பொடி பண்ணி வெல்லத்துல வச்சுக் குடுக்கும், நீ இன்னாடி அப்படியே நீட்ற" என்கிறது. சோறு ஆக்கினால், "தேவி இவ்ளோ உப்பு போடாது" என்கிறது. நீ எப்போது எங்கள் வீட்டில் சமைத்தாய்? கேட்டால் சிரிக்கிறது. பலகையில் உட்கார்ந்தால்கூட, அது நீ உட்கார்ந்த இடமாகத்தான் எனக்குத் தெரிகிறது. நான் பிறந்த வீட்டில் விருந்தாளி மாதிரி இருக்கிறேன்.

இதையெல்லாம் உன்னிடம் சொல்லி உன்னைச் சந்தோஷப்படுத்துவானேன் என்று எழுதாமல் விடத்தான் இருந்தேன். இன்று சாயங்காலம் அம்மாவுக்குக் காய்ச்சல் திரும்பவும் ஏறியது. உள்ளே படுத்திருந்தது. நான் வாசலில் விறகு அடுக்கிக்கொண்டிருந்தேன். "தேவி, ஏ தேவி, தண்ணி குடும்மா" என்று கூப்பிட்டது. நான் தேவி இல்லை, உன் பொண்ணு ரஞ்சனி என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. "இதோ வந்துட்டேம்மா" என்று தண்ணீரை எடுத்துக்கொண்டு போனேன்.

சிவரஞ்சனி